‘புழு’ என்னும் ஒரு சொல்
பிராணிகளை உடலமைப்பால் வகைப்படுத்துதல் பற்றிச் சில கருத்துகள்

மழைக்காலத்தில் தோட்டத்து மண்ணைக் கிளறினால், நீண்டு ஒடுங்கிய உடலுடைய பல உயிர்கள் வெளிப்படுகின்றன. மண்புழு ஒன்று சுருங்கியும் நீண்டும் நகர்ந்து செல்லும். அதே நீளமும் ஏறக்குறைய அதே பருமனும் உடைய புழுப்பாம்பு ஒன்று கருமையாக மின்னி மண்ணுள் நுழையும். வண்டின் இளம்புழு வெண்மையாகச் சுருண்டு கிடக்கும். செடியின் வேரில் காணும் முடிச்சுகளுக்குள்ளே, வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத நூற்புழுக்கள் வாழும். அவ்விடம் மேற்குத் தொடர்ச்சி மலையாகவோ வடகிழக்கு இந்தியாவின் மலைச்சாரலாகவோ இருக்குமாயின், சிசிலியன் எனப்படும் காலில்லா நீர்நில வாழ்வனவும் வெளிப்படக்கூடும். இவற்றுள் பெரும்பாலானவற்றை மக்கள் ‘புழு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவர்; எஞ்சியவற்றைப் பாம்பென அஞ்சி அடித்துவிடுவர்.

வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் இவ்வைந்தும் உடலமைப்பில் பெரிதும் வேறுபட்டவை. மண்புழு, உள்ளும் புறமும் வளையங்களாகப் பகுக்கப்பட்ட உடலுடையது. நூற்புழு, வளையமற்ற உருளை. வண்டின் இளம்புழு கணுக்காலிகளைச் சார்ந்தது. புழுப்பாம்பும் சிசிலியனும் தலையோடும் முதுகெலும்பும் தாடையும் பெற்றவை. ஆகவே, சிசிலியனுக்கும் மண்புழுவுக்கும் இடையே உள்ள உறவைக் காட்டிலும், சிசிலியனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள உறவே மிக நெருங்கியதாகும். வகுப்பறையில் இவ்வுண்மையைக் கேட்டு வியப்படையாத மாணவன் அரியன். ஆயினும் இஃது வியப்புக்குரிய செய்தி மட்டுமன்று. எந்த மருந்து எந்த உயிரைக் கொல்லும், எந்தப் பூச்சிக்கொல்லி வீணாகும், எந்த உயிரைக் காக்க வேண்டும் என்ற வினாக்களுக்கெல்லாம் விடை இவ்வுடலமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வாறிருக்க, வகைப்பாட்டைப் பெயர்களின் பட்டியலாக மட்டும் கற்பிக்கும் முறை தொடர்வது வருந்தத்தக்கது.

பட்டியலும் பாடமும்

துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள், முதுகுநாணிகள் என்று மாணவர் வரிசை பிழையாமல் ஒப்பிக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் கூறுகின்றனர். ஆனால் அட்டையொன்றைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு, “இஃது எத்தொகுதியைச் சேர்ந்தது? எதனால்?” என்று வினவினால், முதல் வினாவுக்கு ஊகத்தால் விடை வரும், இரண்டாம் வினாவுக்கு விடை வாராது. பெயர் தெரிந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை. இக்குறை மாணவருடையதன்று. பாடம் பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடிந்துவிடுவதால் நேர்வது.

பெயர் என்பது முடிவு. உடலமைப்பு என்பது சான்று. சான்றைக் காட்டாமல் முடிவை மட்டும் கொடுத்தால், மாணவன் அறிந்த ஒன்பது எடுத்துக்காட்டுகளுக்கு அப்பால் அவனால் ஓரடியும் செல்ல இயலாது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலின்படி இந்நாட்டில் அறியப்பட்ட பிராணி இனங்களின் எண்ணிக்கை 1,04,561 ஆகும். இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்ய எவராலும் இயலாது. சில அமைப்பு விதிகளைக் கற்றவரோ, முன்பின் கண்டிராத ஓர் உயிரையும் அதன் பெரும் பிரிவில் சேர்த்துவிட முடியும்.

முன்னோர் கண்ட வழிகள்

பிராணிகளைப் பாகுபடுத்தும் முயற்சி மிகப் பழமையானது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், குருதியுள்ளவை, குருதியற்றவை என இரு பெரும் பிரிவுகளைச் செய்தார். சிவப்புக் குருதியையே அவர் குருதியெனக் கொண்டார். எனினும் அவருடைய பிரிவுகள் இக்காலத்து முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்ற பிரிவுகளுக்கு மிக அருகில் வருகின்றன. கடலில் வாழும் ஓங்கில் காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் அவர் குறித்துள்ளார். தமிழில் தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தது. நண்டும் தும்பியும் அங்கு ஒரே பிரிவில் இடம்பெறுகின்றன. அவையிரண்டும் கணுக்காலிகளே என்பதை எண்ணும்போது, அப்பகுப்பைச் செய்தவரின் கண் கூர்மையானது என்பது விளங்கும். ஆயின் எறும்பு அங்கு வேறு பிரிவில் வைக்கப்பட்டது. புலன்களை எண்ணும் முறையால் கணுக்காலிகள் அனைத்தையும் ஒன்று சேர்க்க இயலவில்லை.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் பிராணிகளை ஆறு வகுப்புகளாக அமைத்தார். திமிங்கிலத்தை மீன்களிலிருந்து நீக்கிப் பாலூட்டிகளில் சேர்த்தது அப்பதிப்பின் பெருஞ்சிறப்பு. ஆனால் அதே நூலில் ‘புழுக்கள்’ என்ற ஆறாம் வகுப்பு, வேறெங்கும் இடமற்றவையெல்லாம் கொட்டப்பட்ட கூடையாக அமைந்தது. மண்புழு, நத்தை, கடல் நட்சத்திரம், சொறிமீன் ஆகியவை மட்டுமன்றி, தாடையற்ற மீன் வகையாகிய கூழ்மீனும் அக்கூடையில் விழுந்தது. சிசிலியனை அவர் பாம்புகளோடு சேர்த்தார். மாபெரும் அறிஞரே நீண்டு ஒடுங்கிய தோற்றத்தால் ஏமாந்தார் எனில், கிராமத்து உழவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

அக்கூடையைப் பிரித்து அடுக்கியவர்கள் பிரான்சு நாட்டு லாமார்க்கும் குவியரும் ஆவர். தோற்றத்தையும் வாழிடத்தையும் விட்டு, உள்ளுறுப்புகளின் ஏற்பாட்டைக் குவியர் நோக்கினார். நரம்புத் தொகுதி எவ்வாறு அமைந்துள்ளது, உறுப்புகள் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தியுள்ளன என்பதைக் கொண்டு, முதுகெலும்புள்ளவை, மெல்லுடலிகள், கண்டமுள்ளவை, ஆரச் சமச்சீருள்ளவை என நான்கு பெருந்திட்டங்களை 1812-இல் அவர் வகுத்தார். உடலமைப்புத் திட்டம் என்ற கருத்து விலங்கியலில் வேரூன்றியது அதன் பின்னரேயாகும். இன்று ஏற்கப்படும் தொகுதிகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. எண்ணிக்கை பெருகியதேயன்றி, வினவும் முறை பெரிதும் மாறவில்லை.

மருந்தும் உடலமைப்பும்

களப்பணியாளருக்கு இவ்வரலாறு எதற்கு என்று கேட்கலாம். கால்நடை மருந்தகத்தின் வாயிலில் இக்கேள்விக்கு விடை உண்டு. ஆடு மெலிந்து, கீழ்த்தாடையில் நீர் கோத்து நிற்கிறது. ‘குடற்புழு’ என்று கூறி மருந்து கேட்கிறார் உடையவர். வயிற்றில் குருதியை உறிஞ்சும் உருளைப்புழுவும் இக்குறியைத் தரும். கல்லீரலில் வாழும் தட்டைப்புழுவும் இதே குறியைத் தரும். லெவாமிசோல், ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகள் உருளைப்புழுவைத் தாக்கும். கல்லீரல் தட்டைப்புழுவைத் தாக்குவதில்லை. ‘புழு மருந்து’ என்ற பொதுப் பெயரை நம்பிக் கொடுத்த மருந்து, தட்டைப்புழு இருக்குமிடத்தில் வீணாகிறது. ஆடு இறந்த பின்னர் மருந்தின் மீது பழி விழுகிறது.

இரண்டும் உடலமைப்பில் எவ்வளவு வேறுபட்டவை என்பதை ஒருமுறை கண்டவர் மறவார். உருளைப்புழுவின் உடல், இருமுனையும் கூர்ந்த குழாய். வாயும் உண்டு, கழிவுத் துளையும் உண்டு. குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையே நீர் நிறைந்த குழி உண்டு. கல்லீரல் தட்டைப்புழுவோ இலைபோல் தட்டையானது, உடற்குழி இல்லை, உணவுப் பாதைக்கு வாய் ஒன்றே திறப்பு. நாடாப்புழுவுக்கு உணவுப் பாதையே இல்லை. அது தோலாலேயே உணவை ஈர்த்துக்கொள்கிறது. வாழ்க்கைச் சுற்றும் அவ்வாறே வேறுபடுகிறது. கல்லீரல் தட்டைப்புழுவின் இளநிலைகள் நன்னீர் நத்தைக்குள் வளர்பவை. ஆகவே, நத்தை மிகுந்த குட்டையோரத்தில் மேய்ச்சலைத் தவிர்ப்பதே அதற்குத் தலைசிறந்த தடுப்பு. குருதி உறிஞ்சும் உருளைப்புழுவுக்கு நத்தை தேவையில்லை. அதன் இளநிலைகள் மேய்ச்சற் புல்லிலேயே காத்திருக்கின்றன. எது என்று அறியாமல் எதைத் தடுப்பது?

பள்ளிகளில் 2015-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாள் இதற்கு மறுபுறமான எடுத்துக்காட்டாகும். பெருங்குடற்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் வெவ்வேறு பெயருடையவை. குடலில் வெவ்வேறு இடத்தில் வாழ்பவை. வெவ்வேறு வழியில் உடலுள் நுழைபவை. எனினும் மூன்றும் உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவை. அதனாலேயே ஒரே அல்பெண்டசோல் மாத்திரை மூன்றுக்கும் பயன்படுகிறது. மாத்திரையை வழங்கும் ஆசிரியர் இவ்வொரு செய்தியையும் சேர்த்துக் கூறுவாராயின், அந்நாளே நல்ல விலங்கியல் பாடமாகிவிடும்.

நரம்புச் சிலந்தி நோய் மற்றொரு பாடம். இப்பெயரில் நரம்பும் உண்டு, சிலந்தியும் உண்டு. ஆனால் நோயை விளைப்பது இரண்டுமன்று. சிலந்தி என்பது இங்குக் கொப்புளத்தைக் குறிக்கும் சொல். கொப்புளத்திலிருந்து வெளிவரும் வெண்ணிறக் கயிறு, ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை நீளக்கூடிய பெண் உருளைப்புழு. அதன் இளநிலைகளைக் குளத்து நீரில் சுமப்பதோ சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய கணுக்காலி. குடிநீரைத் துணியால் வடிகட்டினால் சைக்ளாப்ஸ் துணியில் தங்கிவிடும். கொசுவின் இளம்புழுக்களைக் கொல்லும் டெமிபாஸ் மருந்து சைக்ளாப்ஸையும் கொல்லும். இரண்டும் கணுக்காலிகளே அல்லவா? இவ்விரு வழிகளோடு படிக்கிணறுகளைப் பாதுகாப்பான கிணறுகளாக மாற்றும் பணியும் சேர்ந்து நடந்தது. 1996-இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயற்ற நாடெனச் சான்றளிக்கப்பட்டது. நோயை விளைத்த புழுவை நேரே கொல்லும் மருந்தோ தடுப்பூசியோ இன்றிக் கிட்டிய வெற்றி இது. எவ்வுயிர் எதனுள் வாழ்கிறது என்ற தெளிவே அதற்கு அடித்தளமாயிற்று.

வேளாண்மையிலும் இதுவே நிலை. பேச்சு வழக்கில் ‘பூச்சி மருந்து’ என்பது வயலில் தெளிப்பதையும் குறிக்கும், வயிற்றுப் புழுவுக்குக் கொடுப்பதையும் குறிக்கும். மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால் உழவர் அம்மருந்தை நாடுகிறார். இலையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் காரணம். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் காரணம். முன்னது பூச்சி, ஆறு கால்களும் உணர்கொம்புகளும் உடையது. பின்னது சிலந்தியின் இனம், வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள் உடையது, உணர்கொம்பு அற்றது. பூச்சிக்கொல்லிகள் பல, சிலந்திப்பேனை அழிக்காமல் அதனைத் தின்னும் நற்பூச்சிகளை அழித்துவிடுகின்றன. விளைவாகத் தெளித்த வயலில் சிலந்திப்பேன் முன்னினும் பெருகுகிறது. கடுகு வயலில் கரிய இளம்புழுக்களைக் காண்பவர், அவற்றை அந்துப்பூச்சியின் புழுக்கள் என எண்ணுதல் இயல்பு. வயிற்றுப் பகுதியிலுள்ள போலிக்கால்களை எண்ணினால் ஐயம் நீங்கும். அந்துப்பூச்சியின் புழுவுக்கு அவை ஐந்து இணைக்கு மேற்படுவதில்லை. ரம்ப ஈயின் புழுவுக்கு அதனினும் மிகுதி. அந்துப்பூச்சிப் புழுக்களுக்கென உள்ள நுண்ணுயிர் மருந்து ரம்ப ஈயின் புழுவிடம் பலிப்பதில்லை. ஒரு கைவில்லையும் எண்ணும் பொறுமையும் ஒரு பருவத்துச் செலவை மிச்சப்படுத்தக்கூடும்.

எழக்கூடிய ஐயங்கள்

உடலமைப்பும் ஏமாற்றுமே என்பது முதல் ஐயம். உண்மைதான். 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் அறியப்பட்டுப் பின்னர்த் தென்னை வளரும் பல பகுதிகளுக்குப் பரவிய ஈரியோபைட் சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால்கள் இல்லை, நான்கே உண்டு. அதன் உடலும் புழுப்போல் நீண்டது. ஆகவே, கால்களை மட்டும் எண்ணுதல் போதாது; உணர்கொம்பு இன்மை, வாயுறுப்புகளின் அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். படகின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசை, அதன் ஓட்டைக் கண்டு, குவியரும் மெல்லுடலிகளோடு சேர்த்தார். 1830-இல் தாம்சன் என்பார் அதன் இளநிலையை ஆராய்ந்து, இறாலுக்கும் நண்டுக்கும் அது உறவென நிறுவினார். பாறையில் பைபோல் ஒட்டி வாழும் கடற்பீச்சியின் இளநிலையில் முதுகுநாண் இருப்பதை 1866-இல் ருஷ்ய நாட்டுக் கொவலேவ்ஸ்கி விளக்கினார். பையைப் போன்ற அப்பிராணி முதுகெலும்பிகளின் உறவினர் வரிசையில் இடம்பெற்றது. இப்பிழைகளெல்லாம் உடலமைப்பைக் கைவிட்டதால் திருத்தப்பட்டவை அல்ல. அதனை இளநிலை முதல் முதுநிலை வரை முழுமையாக நோக்கியதால் திருத்தப்பட்டவை.

மரபணு ஆராய்ச்சி வளர்ந்துவிட்ட இக்காலத்தில் உடலமைப்பு பழங்கதையன்றோ என்பது இரண்டாம் ஐயம். இதில் ஒரு பகுதி ஏற்கத்தக்கது. உடற்குழி அற்றவை, பொய் உடற்குழி உள்ளவை, மெய் உடற்குழி உள்ளவை என்னும் மூன்றும் பரிணாமத்தின் படிகள் எனப் பழைய பாடநூல்கள் கூறின. கண்டங்கள் இருப்பதால் மண்புழுவும் கணுக்காலிகளும் நெருங்கிய உறவினர் என்றும் கருதப்பட்டது. 1997-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியின் பின் இக்கருத்துகள் மாறின. தோலுரிக்கும் இயல்புடைய உருளைப்புழுக்களும் கணுக்காலிகளும் ஒரே பெரும்பிரிவில் வைக்கப்பட்டன. மண்புழுவும் தட்டைப்புழுவும் நத்தையோடு வேறொரு பெரும்பிரிவில் வைக்கப்பட்டன. எனவே உடற்குழியைப் படிக்கட்டாகக் கற்பிப்பது இனிப் பொருந்தாது. ஆயினும், மரபணு ஆராய்ச்சி உறவுகளைத் திருத்தியதேயன்றி, உருளைப்புழுவை உருளைப்புழு அல்லாததாக ஆக்கிவிடவில்லை. தொகுதிகளுள் பெரும்பாலானவை, உடலமைப்பை நோக்கியவர் வரைந்த எல்லைகளுக்குள்ளேயே இன்றும் நிற்கின்றன. மேலும், வயலோரத்திலும் மருந்தகத்து வாயிலிலும் நிற்பவரிடம் மரபணுக் கருவி இல்லை; கண்ணும் கையும் கைவில்லையுமே உண்டு. அவற்றால் பெறக்கூடிய அறிவு குறைந்த மதிப்புடையதன்று.

அறுத்துப் பார்த்தல் கல்விநிலையங்களில் கைவிடப்பட்டு வரும்போது உள்ளமைப்பைக் கற்பிப்பது எவ்வாறு என்பது மூன்றாம் ஐயம். உயிர்களைத் தேவையின்றிக் கொல்லுதல் ஒழிவது நன்றே. சமையலுக்கு வாங்கும் இறாலும் மீனும் நண்டும் சிப்பியும் மூன்று தொகுதிகளின் உள்ளமைப்பைக் காட்டப் போதுமானவை. ஈரமான தாளில் மண்புழுவை ஊரவிட்டுச் செவிசாய்த்தால், அதன் நுண்மயிர்கள் தாளை உராயும் ஓசை கேட்கும். பாடம் முடிந்ததும் அதனை மண்ணில் விட்டுவிடலாம்.

செய்யத்தக்கவை

வகுப்பிலும் பயிற்சி முகாம்களிலும் பெயருக்கு முன்னே வினாக்களைக் கற்பித்தல் வேண்டும். முகவாயும் முதுகெலும்பும் உண்டா? உடலை ஒரே ஒரு கோட்டால் மட்டும் இரு சமபாகங்களாகப் பகுக்க முடியுமா, மையத்தைச் சுற்றிப் பல கோடுகளால் பகுக்க முடியுமா? உடல் வளையங்களாகப் பகுக்கப்பட்டுள்ளதா? கணுக்களுள்ள கால்கள் உண்டா, எத்தனை இணை? உணவுப் பாதைக்குத் திறப்புகள் இரண்டா, ஒன்றா, ஒன்றுமே இல்லையா? உடல் உருண்டையா, தட்டையா? எவ்வாறு நகர்கிறது? இறுதி வினா எளிதாகத் தோன்றினும் ஆழமானது. மண்புழுவுக்கு வட்டத் தசையும் நீள் தசையும் உண்டு; ஆதலால் அது ஒடுங்கி நீளவும் பருத்துச் சுருங்கவும் வல்லது. உருளைப்புழுவுக்கு நீள் தசை மட்டுமே உண்டு; ஆதலால் அது வளைந்து துடிக்க மட்டுமே வல்லது. உள்ளே அறுத்துப் பாராமலே உள்ளமைப்பை அசைவு கூறிவிடுகிறது.

ஒவ்வொரு பள்ளியிலும் பத்துக் குப்பிகளில் அவ்வூரில் கிடைத்த பிராணிகளைப் பதப்படுத்தி, பெயர்ச்சீட்டு ஒட்டாமல் வைத்தல் பயன் தரும். மாணவர் ஒவ்வொன்றையும் எடுத்து நோக்கிக் காரணங்களை எழுதிய பின்னரே பெயர் வெளிப்படுதல் வேண்டும். களப்பணியாளரும் தம் நாட்குறிப்பில் ‘புழு’ என்று மட்டும் எழுதும் வழக்கத்தை விடுதல் நலம். ‘கால் மூன்று இணை, போலிக்கால் ஐந்து இணை’ என்று எழுதப்பட்ட ஒரு வரி, ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவருக்குப் பெயரைக் காட்டிலும் பயன்படும். பெயரில் பிழை நேரலாம். எண்ணிக்கையைப் பின்னரும் சரிபார்க்கலாம்.

வடகிழக்கு இந்தியாவில் மண்ணுக்குள் வாழும் சிசிலியன்கள் முன்பு அறியப்படாத ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என 2012-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். காரோ மொழியில் அவற்றுக்கு வழங்கும் ‘சிகிலா’ என்ற பெயரே அக்குடும்பத்துக்கும் இடப்பட்டது. தாய் தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காப்பதையும் அவர்கள் கண்டனர். அவ்வுயிருக்கு நஞ்சில்லை, மனிதருக்கு அதனால் தீங்கில்லை. ஆயினும் நச்சுப் பாம்பெனக் கருதி மக்கள் அதனைக் கண்டவிடத்தில் கொன்று வந்தனர். அதன் ஈரமான தோலில் பாம்புக்குரிய செதில் போர்வை இல்லை என்பதையும், கண்ணுக்கும் நாசிக்கும் இடையே சிறு உணர்விழை உண்டு என்பதையும் ஒருமுறை காட்டியிருந்தால், மண்வெட்டியை ஓங்கிய கை சற்றே நின்றிருக்கும். அந்தச் சிறு தயக்கத்தை உண்டாக்குவது ஆசிரியராலும் களப்பணியாளராலும் இயலும் செயலேயாகும்.